தக்காளித் தொக்கு என்ற ஃபோல்டர்

என் மனைவியின் நெஞ்சில் ஒரு நிழல் தெரிகிறது என்று டாக்டர் சொன்னதும், அது நானாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். வலது நுரையீரலின் மேல்பக்கம், மிளகு அளவு. பழையதா புதியதா என்பதுதான் கேள்வி என்றார். சில வருடங்களுக்கு முன் நிமோனியா வந்தபோது எடுத்த ஸ்கேனிலும் இதே புள்ளி இருந்தால் அநேகமாகத் தழும்பு. இல்லையென்றால்... பேனாவை மூடினார். வியாழக்கிழமை பழைய ஸ்கேனைக் கொண்டுவரச் சொன்னார்.

மனைவிக்கு அப்போதே ஒரு கோளாறு இருந்திருக்க வேண்டுமே என்று சாமியிடம் வேண்டிக்கொள்ளும் கணவன் ஆனேன்.

பழைய ஸ்கேனின் ஃபிலிம் பரணில் மழைநீர் பட்டு அப்பளமாக ஒட்டிப்போயிருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் இப்போது கோச்சிங் சென்டர் நடக்கிறது. மிஞ்சியது உறைக்குள் அந்த ஸ்கேன் பதிந்த ஒரு டிஸ்க். அதை அப்படியே எடுத்துப் போயிருக்கலாம்தான். ஆனால் சோதித்துப் பார்க்காத எதையும் வாசல் தாண்ட விடாத ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவன் நான். டாக்டர் முன்னால் டிஸ்க் திறக்காமல் போனால்?

வீட்டில் இருப்பது மகள் பெங்களூர் போகும்போது விட்டுப்போன லேப்டாப். பிரவுசரைத் தவிர வேறொன்றும் ஓடாது. டிஸ்க் போட வாயும் கிடையாது. எங்கள் அபார்ட்மென்ட் முழுக்க சாஃப்ட்வேர்க்காரர்கள். ஆனால் எல்லாமே ஆபீஸ் லேப்டாப், பென் டிரைவைக் கண்டாலே பூட்டிக்கொள்ளும் ஜாதி. அதற்கும் மேலே மனைவியின் உத்தரவு.

“யார்ட்டயும் சொல்லாதீங்க. சொன்னா நாளைக்கே ஆளுக்கு ரெண்டு ஆப்பிளோட வந்து உக்காந்துக்கிருவாங்க.”

தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் கோச்சிங் நடக்கும் அமீர்பேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் டிஸ்க்கைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். அதில் படத்தைக் காட்டும் புரோகிராம் ஒன்றும் இருந்தது. அதையும் இங்கேயே ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். “நக்கோ சாப்,” வேண்டாம் சார் என்று உருதுவில் மறுத்தார், வைரஸ் வந்தால் நாளை ஹால் டிக்கெட் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

மகளுக்கு போன் போட்டேன். பழைய ஆபீஸ் ஃபைல் என்று புளுகினேன். எங்கோ ஓடும் கம்ப்யூட்டரின் திரையை நம் பிரவுசருக்குள் காட்டும் கிளவுட் டெஸ்க்டாப்புகள் இருக்கின்றன, இலவசம், தேடுங்கள் என்று பாதி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

முதலாவது பார்க்க அழகு. கடிகாரம், குப்பைத்தொட்டி, மலைப் படம் எல்லாம் உண்டு. கடிதம் தட்டலாம், கணக்கு போடலாம். ஆனால் புரோகிராமைக் கொடுத்தால் திருதிருவென்று விழித்தது. போட்டோ ஸ்டுடியோவில் பின்னால் தொங்கும் தாஜ்மகால் திரை மாதிரி. முன்னால் நிற்கலாம், உள்ளே போக முடியாது.

இரண்டாவது நிஜக் கம்ப்யூட்டர்தான், ஆனால் லினக்ஸ். ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்க வைத்தது. உள்ளே விட்டதும் மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. அது நின்றால் வைத்ததெல்லாம் அழிந்துவிடும். அமீர்பேட் ஹாஸ்டல் பிள்ளைகள் கோடிங் பழக அது போதும். என் புரோகிராம் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். மூன்றாவதில் விண்டோஸ் இருந்தது; இலவசம் என்று சொல்லிவிட்டு கார்டு நம்பர் கேட்டது. மூடிவிட்டேன்.

நான்காவதிலும் விண்டோஸ் இருந்தது. கார்டு கேட்கவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எந்த ஊர், யாருடையது, எதற்காகச் சும்மா தருகிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் அணைந்துவிடும், ஒரு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று மட்டும் எழுதியிருந்தது. கேன்டீனில் டீ ஊற்றுபவரையே உளவாளி என்று சந்தேகித்து வாழ்ந்த நான், பெண்டாட்டியின் நுரையீரலை ஊர் பேர் தெரியாதவன் கையில் கொடுக்கத் துணிந்தேன். ஒரே ஒரு முன்னெச்சரிக்கை: அவள் பெயரிலிருந்த ஃபோல்டருக்கு ‘தக்காளித் தொக்கு’ என்று பெயர் மாற்றினேன்.

ஏற்றுவதற்குள் இரண்டு தடவை நெட் போனது. புதன்கிழமை காலை ஒருவழியாக ஏறி முடிந்தது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இதென்ன, என் நெஞ்சு தக்காளித் தொக்கா?”

“உளவாளிக்குத் தெரியக் கூடாதுல்ல.”

“தொக்குன்னா அவன் கண்டிப்பா திறந்து பார்ப்பான். நுரையீரல்னு போட்டிருந்தா தொடாமப் போயிருப்பான்.”

புரோகிராம் ஓடியது. மவுஸை நான் நகர்த்திய பிறகு, யோசித்து யோசித்து அம்புக்குறி நகர்ந்தது. ரொட்டியைச் சீவியது போல அவளுடைய உடம்பு துண்டு துண்டாகக் கறுப்பு வெள்ளையில் இறங்கியது. சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. எங்கே பார்த்தாலும் வெள்ளைப் புள்ளிகள். எது ரத்தக்குழாய், எது நிழல் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றும் அதுவாகவே தெரிந்தது. முதலில் அது இருக்க வேண்டும் என்று தேடினேன். கொஞ்ச நேரத்தில் அது இருந்துவிடுமோ என்று பயந்தேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதே குழம்பிவிட்டது.

அவள்தான் திரையில் விரலை வைத்தாள். “இதுவா?”

மேல்பக்கம், விலா எலும்பை ஒட்டி, ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. நான் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். சரியாக அதன் மேல் ஒரு பெட்டி வந்து விழுந்தது: ‘இன்னும் இருக்கிறீர்களா?’ கீழே நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. அவசரத்தில் நான் மவுஸை இழுக்க, அம்புக்குறி எங்கோ போனது. அவள் மவுஸைப் பிடுங்கி அமுக்கினாள்.

“இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே. எப்பவும் ஓயாத வாய், இன்னைக்கு என்ன?”

மறுநாள் டாக்டர் பென் டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினார். ஒரே சொடுக்கு. திறந்துகொண்டது. அவர் கொண்டுவரச் சொன்னார். திறந்து பார்க்கச் சொல்லவே இல்லை. நான்கு டெஸ்க்டாப்புகளில் நான் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன், அவர் கேட்கவில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்.

அவள் காட்டிய பொட்டுதான். அப்போதே இருந்திருக்கிறது. நான் மூச்சு விட்டேன். ஆனால் அப்போது அது கடுகு அளவு, இப்போது மிளகு என்றார். மெதுவாக வளர்வது நல்லதா கெட்டதா என்று இன்றைக்குச் சொல்ல முடியாதாம். தசரா கழிந்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

பென் டிரைவ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒரு பிரதி டாக்டரிடம் இருக்கிறது. அந்த நான்காவது டெஸ்க்டாப்பால் எனக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை. இருந்தும் தினமும் காலையில் பால் காய்ச்சுவதற்கு முன் அதைத் திறந்துவிடுகிறேன். ஒரு மாதம் போகாவிட்டால் அழித்துவிடும் என்கிறதே, அழிப்பது எதை என்று அதற்குத் தெரியுமா? தொக்கைத் திறப்பதில்லை. அது அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டி வந்து, இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்கும்.

“வந்துருச்சா?” என்பாள் அடுப்படியிலிருந்து. “அமுக்குங்க, அமுக்குங்க. அணைஞ்சுறப் போகுது.”