ஐந்தாம் அலகில் ஒரு கதவு

உங்கள் பிள்ளையின் பாடத்திட்டத்தை ஒரு முறையாவது வாங்கிப் படித்ததுண்டா? பேராசிரியர் லட்சுமிகாந்தமும் படிப்பதில்லை, எழுதுவார். ஒரு வரி எழுதியதும் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை அண்ணாந்து பார்த்து, எமகண்டம் கழிந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு அடுத்த வரிக்குப் போவார். அவர் சொல்லிக்கொடுப்பது வேதியியல்.

சிவகாசிப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் அவர் துறைத்தலைவர். பாடத்திட்டம் வகுப்பதில் சுற்றுவட்டாரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய கருத்து. சமையலோ ராக்கெட்டோ, எந்தப் படிப்பையும் ஐந்து அலகாகத்தான் வெட்டுவார். படித்து முடித்த மாணவர்கள் என்ன ஆவார்கள் என்று எழுத வேண்டிய ‘விளைவு’ப் பகுதிக்காக, மேலிடத்திலிருந்து வந்த வினைச்சொற்களை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்: அறிவர், உணர்வர், விளக்குவர், போற்றுவர்.

இந்த ஆண்டு அவர் கையில் சிக்கியது பட்டாசுப் பாதுகாப்புச் சான்றிதழ்ப் படிப்பு. முதல் அலகு, உலக வரலாற்றில் வாணவேடிக்கை. அடுத்தது, தொழிலை வளர்த்த பெருமக்கள். கல்லூரித் தாளாளருக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி இருப்பதால் அது சற்று நீண்டுவிட்டது. பிறகு லேபிளும் பெட்டியும். அதற்கும் பிறகு ஆளுமை மேம்பாடு. தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக எப்படி ஓடுவது என்பது ஐந்தாவது.

உதவிப் பேராசிரியர் சம்சாத் அந்தத் தாளோடு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் வகுப்பில் பாதிப் பேர் விடுமுறை நாளில் பட்டாசுக் கம்பெனி வேலைக்கு வேன் ஏறுகிறவர்கள்.

“சார், அஞ்சாவது அலகு தீபாவளிக்குப் பெறகுதான வரும். பிள்ளைக சீசனுக்கே வேலைக்குப் போயிருதுக. ஓடுறத மொதல்ல வைங்க.”

“மங்கலமா ஆரம்பிக்கணும்மா. எடுத்த எடுப்புலயே எரியுது, ஓடுன்னா எவன் வந்து சேருவான்? தாளாளர்தான் என்ன நெனப்பாக?”

“அப்ப விளைவுலயாவது ‘தப்பிப்பர்’னு ஒரு வார்த்த போடுங்க சார்.”

மேசைக் கண்ணாடிமேல் விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை தேடினார். “அந்த வார்த்த லிஸ்ட்லயே இல்லயேம்மா. வேணும்னா, ‘தப்பித்தலின் சிறப்பை உணர்வர்’னு போட்டுக்கிருவமா?”

“உணர்றதுக்கு ஆளு இருக்கணும்ல சார்.”

அந்த நேரம் பார்த்து வெளியே டமாரென்று ஒரு சத்தம். சன்னல் அதிர்ந்தது. சம்சாத் எழுவதற்குள் லட்சுமிகாந்தம் நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஒற்றைச் செருப்பை மேசைக்கடியில் போட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

ஒன்றுமில்லை. நாரணாபுரம் சாலையில் லாரி டயர் வெடித்திருந்தது.

“நாலு அலகையும் நடத்தாமலே அஞ்சாவதுக்குப் போயிட்டீகளே சார்” என்றார் சம்சாத்.

லட்சுமிகாந்தம் உள்ளே வந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஓர் எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டு, அடுத்த கையெழுத்துக்காகத் தாளைச் சம்சாத் பக்கம் நகர்த்தினார். சம்சாத் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவைத்தார். லட்சுமிகாந்தம் காலண்டரைப் பார்க்கவில்லை. எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் பிள்ளையின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். கதவு அங்கே கிடந்தால், முதல் பக்கத்துக்கு அது வரும்வரை கல்லூரி வாசலில் போய் நில்லுங்கள்.