அப்பாவின் உறை

பெரியகல்லாறு ஊரில் மணிக்கூடு திருத்தும் ஒருவர் பழைய பட்டாளப் பதக்கங்கள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். உலக யுத்தத்தில் அப்பப்பாவுக்குக் கிடைத்த பதக்கத்தை, அப்பாவைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். மணிக்கூடு திருத்துபவருக்கு அறுபது வயதிருக்கும். காதில் ஒரு பென்சில் செருகியிருந்தார். பதக்கத்தைப் பார்க்குமுன்பே கேட்டார்.

"இதப்பத்தி வீட்டில என்ன சொல்லுவாங்க தம்பி?"

"ஒண்டும் சொன்னதில்ல அண்ணன்."

அதையே ஒரு கடித உறையில் எழுதி, பதக்கத்தை உள்ளே வைத்தார். யார் கொண்டுவந்தாலும் அப்படித்தானாம். அலுமாரி நிறைய உறைகள். ஒன்று மட்டும் தட்டையாகக் கிடந்தது. அதில் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

"இதுக்குள்ள ஒண்டுமில்லையே?"

"ஆமி ஊரச் சுத்திவளைச்சுத் தேடின நேரம், அப்பாட மெடல் வீட்டில இருந்தாச் சந்தேகப்படுவாங்க எண்டு பயந்து, நான்தான் வாவிக்குள்ள எறிஞ்சன். அப்பா கரையில நிண்டு பாத்தவர்."

"ஏசினாரா?"

அந்த உறையை மெதுவாகத் தடவி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சாகுமட்டும் அதப்பத்தி ஒரு சொல் கேக்கல்ல. ஒருக்கா ஏசியிருக்கலாம் தம்பி."

என் பதக்கத்தைத் திரும்பக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல், உறையோடு தந்தார். 'வீட்டில் ஒன்றும் சொன்னதில்லை' என்ற அவர் எழுத்தோடு அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் கொடுக்கவில்லை.