குதிரைப் படம் பார்த்துத் திருந்திய தம்பி

நேற்று மத்தியானம் டூங்கபி வீட்டில் சட்டைகளுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தபோது ரீவியில் அந்தப் பழைய குதிரைக்காரப் படம் ஓடியது. அடாவடிப் பையன் ஒருவனை ஒரு கிழவர் தன் குதிரைப் பண்ணைக்குக் கூட்டிப்போய்த் திருத்துகிற கதை. அந்தக் கிழவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரீவியை நிறுத்திவிட்டேன்.

காரணம் என் தம்பி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் கொலிஜுக்கென்று வெளிக்கிட்டு ரயிலில் ஊர் சுற்றுவான். ஒருமுறை அடிதடியில் மாட்டி, பொலிஸே வீட்டுக்குக் கூட்டிவந்தது. இதற்கு, ஊரை விட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களின் வைத்தியம் உங்களுக்குத் தெரியும்தானே, புத்திமதி. மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வருகிற அங்கிள்மார் அப்படியே எங்கள் வீட்டிலும் இறங்குவார்கள். அம்மா தேத்தண்ணியோடு தம்பியையும் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார்.

"உவனுக்கு ஒருக்கா நல்லாச் சொல்லுங்கோ."

தேத்தண்ணி முடியும்வரை சொல்வார்கள். வடை இருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும்.

அவர்களில் ஒருவர்தான் அந்தப் படத்தின் கசட்டைக் கொண்டுவந்தார். எல்லோரும் இருந்து பார்த்தோம். படத்தையா பார்த்தோம், பாதி நேரம் தம்பியின் முகத்தைத்தான். பையன் திருந்திய இடத்தில் மட்டும் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் தம்பி கேட்டான்:

"அக்கா, அந்தக் கிழவன் ஒருக்காவாவது புத்தி சொன்னவனே? குதிரையை எல்லோ குடுத்தவன்!"

அங்கிள் இன்னொரு வடையை எடுத்தார்.

அடுத்த மாதமே தம்பி ரிச்மண்ட் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் வேலை தேடிக்கொண்டான். விடிய எழும்பினான், சண்டைகளை விட்டான். ஜக்கெற் முழுக்க வைக்கோல் மணக்க வந்திருந்து, சோற்றைக் குழைத்தபடி எந்தக் குதிரைக்கு என்ன குணம் என்று கதை கதையாகச் சொல்வான். நான் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "குதிரைச் சாணி அள்ளவே இஞ்ச வந்தனாங்கள்? சனம் கேட்டா என்னெண்டு சொல்றது?" அங்கிள்மார் மறுபடி வந்தார்கள். அம்மா சாப்பிடாமல் படுத்தார். தம்பி லாயத்தை விட்டான். படத்துப் பையன் திருந்தியதற்குக் கண் கலங்கிய அதே சனம், ஐயா! வீட்டுக்குள் ஒருவன் திருந்தியது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கசட் கடைகள் போய்விட்டன, அங்கிள்மாரிலும் பலர் இல்லை. தம்பி இப்போது வேறு நகரத்தில், கிளேட்டனில் கணக்காளர். "பிள்ளை திருந்திட்டான்" என்று அம்மாவுக்குப் பெருமை.

நேற்று அவனுக்கு ஃபோன் எடுத்தேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். "ஓம் அக்கா." அம்மா சொல்கிற பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "ஓம் அக்கா." எதிர்த்து ஒரு வார்த்தை பேசடா என்று கத்த வாயெடுத்தேன். அதற்கும் ஓம் என்றுவிடுவானோ என்ற பயத்தில் ஃபோனை வைத்துவிட்டேன்.