சுவரில் இருந்த கன்னியாஸ்திரி

மருந்துக்கடையில் யாரோ திறந்துபார்த்த முகப்பவுடரின் வாசம், இத்தாலியின் போர்கோ வெக்கியோ பகுதியில் இன்று ஹோட்டலாகிவிட்ட வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனது. முன்பு சினிமாவில் நடித்த பிரெஞ்சுக்காரி, நாங்கள் மரியாதையாக சின்யோரா என்று கூப்பிட்டவ, அங்கே தனியாக இருந்தா; அம்மா அவவின் உடுப்புகளை அயன் பண்ண, நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்வேன். சுவரெல்லாம் சின்யோரா நடித்த வேடங்களின் படங்கள்: ராணி, கள்ளி, கன்னியாஸ்திரி. "ஆரோ பெரிய புனிதை, பிள்ளை" என்று அம்மா கன்னியாஸ்திரியைத் துடைத்து, சிலுவை போட்டு, மல்லிகை வைப்பா.

"அது நீங்கள்தான் என்று அம்மாவுக்குச் சொல்லட்டா?" என்று சின்யோராவிடம் ஒருநாள் இத்தாலியனில் கேட்டேன்.

பவுடர் மணத்த கையால் என் வாயைப் பொத்தினா. "சொல்லாதே. என் நடிப்பை முழுசாக நம்பியது அவள் ஒருத்திதான்."

சின்யோரா அம்மாவுக்கு விட்டுச்சென்ற அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டில், மாதாவுக்குப் பக்கத்தில். அம்மா மெழுகுதிரி கொளுத்தும்போது நானும் சிலுவை போடுகிறேன்.