உங்க பேரு வராதுங்க மேடம்

முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று சொல்ல எனக்கு இந்த வயது வரைக்கும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு வராது. பிடிக்காத வரனைக்கூட ‘பாக்கலாமுங்க’ என்று சொல்லித்தான் திருப்பி அனுப்புவோம். அவர்களும் புரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இதை நான் ரொம்ப காலம் நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. கட்டிக் குடிபோய்ச் சூடு ஆறுவதற்குள் என் கணவருக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டை வாடகைக்கு விட்டோம். முதலில் வந்தவர்கள் என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்தார்கள். நல்ல சுவரில் கண்ட இடத்தில் ஆணி, புதுக் குழாயெல்லாம் சொட்டல், தொட்டியில் பாசி. கேட்கலாம் என்று போனால் ‘வாங்கக்கா, மொதல்ல உக்காருங்க’ என்று உட்காரவைத்துப் பலகாரம் வைப்பார்கள். நானும் தின்றுவிட்டு ‘பரவால்லீங்க, சுவருதானே’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். என் கணவர் அதற்கும் மேல். அவர் வண்டியை விட்டே இறங்க மாட்டார்.

அந்த நேரத்தில்தான் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி இருப்பது தெரிந்தது. சேலத்தில் ஒரு மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். குடித்தனக்காரரைப் பிடித்துக் கொடுப்பது, வாடகை வாங்குவது, குழாய் உடைந்தால் ஆளை அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எதுவானாலும் குடித்தனக்காரர் அவர்களிடம்தான் பேச வேண்டும். எங்கள் வீட்டைக் கவனிக்க ஒரு மேனேஜரைப் போட்டார்கள். பதமாகப் பேசுகிற மனிதர். ‘உங்களுக்கு எதெது புடிக்கலையோ எங்ககிட்டச் சொல்லுங்க மேடம். நாங்க சொல்லிக்கறோம். உங்க பேரு வராது’ என்றார். எனக்கு அப்போது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன். ஊரில் எல்லாருக்கும் நல்லவளாகவே இருந்துவிடலாம் போலிருந்தது.

கம்பெனி கூட்டிவந்த குடும்பம் ஒரு புருஷன் பெண்டாட்டி. பிள்ளைகள் இல்லை. அவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். வண்டியின் நெற்றியில் பெயர் எழுதுவது, பக்கப் பலகையில் பூவும் கிளியும் போடுவது அவர் வேலை. எடப்பாடியில் தறி ஓட்டுகிற குடும்பம். தறிச் சத்தம் ஆகாது என்று சின்ன வயதிலேயே நாமக்கல் வந்து தூரிகையைப் பிடித்தவர். அவர் மனைவி வீட்டை வைத்திருந்த சுத்தத்தைப் பார்த்தால் சேலத்தில் என் வீட்டுக்குத் திரும்பி வரவே எனக்குக் கூச்சமாக இருக்கும். இருவரும் என்னை ‘ஊட்டுக்காரக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருமுறை அவர் முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டு மேச்சேரிக் கிடா ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் கட்டிவிட்டார். எனக்கே போன் செய்து, ‘கோயிலுக்கு வெட்டற வரைக்குந்தாங்க்கா, கட்டிக்கட்டுமா?’ என்று கேட்டார். ‘அதுக்கென்னங்க, வாயில்லாச் சீவன், தாராளமாக் கட்டிக்கங்க’ என்றேன். போனை வைத்த கையோடு கம்பெனியைக் கூப்பிட்டு, மாடியெல்லாம் புழுக்கை ஆகிவிடும், தளம் ஊறிவிடும் என்று புலம்பினேன். மறுநாளே கம்பெனி ரூல் என்று சொல்லிக் கிடாவை இறக்கிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து கம்பெனிக்காரர்களைத் திட்டினார். நானும் அவரோடு சேர்ந்துகொண்டு திட்டினேன். அந்தக் கிடா பட்டறையில் வளர்ந்து, கோயிலில் விழுந்து, எங்களுக்கும் ஒரு தூக்குப்போசிக் கறியாகச் சேலத்துக்கே வந்தது. என் கணவர் எலும்பைக் கடித்துக்கொண்டே, ‘பாவத்தையெல்லாம் காண்ட்ராக்ட் உட்டுட்டே போல’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இன்னொரு துண்டு போட்டுக்கொண்டேன்.

போன வருடம் அவருக்கு ஈரல் கெட்டுப்போனது. குடியா என்று கேட்டால், இல்லை, பீடிகூடத் தொடாத மனிதர். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் என் கணவரும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு இரண்டொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கண்ணெல்லாம் மஞ்சள். அந்த நிலையிலும் என் கணவரிடம் வீட்டுக் கேட்டுக்கு வர்ணம் வெளுத்துவிட்டது, எழுந்து வந்ததும் அடித்துவிடுகிறேன் என்றார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலை வாரவில்லை. உட்கார் என்றால் உட்காரவில்லை.

“ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க்கா. எடப்பாடியில இருக்கறது தறி ஷெட்டுங்க. மாத்தி மாத்தி தறி ஓடும். அவரு நம்ம நாமக்கல் ஊட்டுக்கே போலாங்கறாரு. அங்கயே இருந்துக்கறேங்கறாரு. வாடகை ஊட்ல இப்படின்னா ஊட்டுக்காரங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு எனக்குந் தெரியுது. அதான் உங்கள ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு…”

அவள் மேலே சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எங்கள் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த ஒரு பயம் எப்போதும் உண்டு. இழுத்துக்கொண்டிருக்கிற ஆளைக் கடைசி நேரத்தில் சொந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தால்கூட உடம்பை உள்ளே கொண்டுவர வீட்டுக்காரர் விட மாட்டார். அவளும் அதற்குத்தான் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “இதென்ன கண்ணு கேள்வி? அது உங்க ஊடு. அவரு ஆசப்பட்ட மாதிரியே இருக்கட்டும்” என்றேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது பொய்த் தண்ணீர் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன்.

அவள் தெரு முனை திரும்பியிருக்க மாட்டாள், எனக்குள் வேறு ஒருத்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது என் மகளுக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்துகொண்டிருந்தது. அந்த நாமக்கல் வீட்டை அவளுக்கு எழுதிவைப்பதாகப் பேச்சு. ஆடி கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்றிருந்தார்கள். நாள், நட்சத்திரம், சகுனம் என்று எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள். அந்த வீட்டில் ஒரு சாவு என்றால் முகம் சுளிப்பார்கள். அதுவும் அடைப்பு நட்சத்திரத்தில் உயிர் போய்விட்டால் தீர்ந்தது. அவிட்டம் தொடங்கி ரேவதி வரைக்கும் எதில் போனாலும் வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும் என்பார்கள். பூட்டிய வீட்டைக் காட்டி யாருக்குப் பெண் கொடுப்பது?

நான் என்ன செய்தேன் தெரியுமா? சமையலறையில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றி, தாள் தாளாகத் தூக்கி, எந்தெந்த நாளில் எந்த நட்சத்திரம் வருகிறது என்று பார்த்தேன். நேற்றுவரை கேட்டுக்கு வர்ணம் அடிக்கிறேன் என்றவர், மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிறவர், எந்த நாளில் செத்தால் எனக்கு நல்லது என்று ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த வாரக் கடைசியில் வரிசையாக அடைப்பு நட்சத்திரங்கள் நின்றன. காலண்டரை மாட்டிவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மகள் கல்யாணத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாதே. ‘அவங்க அக்ரிமென்ட் முடிஞ்சிருச்சுங்க மேடம், இன்னும் புதுப்பிக்கல. பைப் லைன் மாத்தணும், தளத்தை உடைக்கணும்னு சொல்லிக்கறோம். உங்க பேரு வராது’ என்றார். நான் ‘பாத்துப் பக்குவமாச் சொல்லுங்க, பாவம்’ என்றேன். பாவம் என்ற வார்த்தையை வேறு வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் அவள் போனில் அழுதாள். “உடனே காலி பண்ணுங்கங்கறாங்க்கா. ஊட்டை உடைக்கறாங்களாமா. அவரை இப்பத்தான் கொண்டாந்து படுக்க வெச்சேன்.”

“அப்படியா சொன்னாங்க? இரு கண்ணு, நான் பேசறேன்” என்றேன். பேசவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு, “எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், அவங்க கேக்க மாட்டேங்கறாங்க. கம்பெனி கையில குடுத்த பொறவு நம்ம பேச்சு எடுபடுதா?” என்றேன்.

அந்தப் பக்கம் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது கேட்டது. பிறகு, “உடுங்க்கா, நீங்க என்ன பண்ணுவீங்க” என்றாள்.

அவரைச் சின்ன யானை லோடு வண்டியில் மெத்தை போட்டுப் படுக்கவைத்து எடப்பாடிக்குக் கொண்டுபோனார்களாம். அவர் தம்பி ஷெட்டில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். தறிச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டவர், தறிகளுக்கு நடுவில் போய்ப் படுத்தார். ஐந்தாறு நாளில் செய்தி வந்துவிட்டது.

செய்தி கேட்டதும் என் கால் தானாகச் சமையலறைக்குப் போனது. அனுஷம். அடைப்பே கிடையாது. அந்த வீட்டிலேயே கண்ணை மூடியிருந்தால்கூடக் கழுவிவிட்டுப் புண்ணியார்ச்சனை செய்திருந்தால் போதும். ஐயோ, இருந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. அப்படியானால் ரேவதியில் போயிருந்தால் நான் செய்தது சரியா என்று அடுத்துத் தோன்றியது. அதற்குமேல் யோசிக்கப் பிடிக்காமல் புடவையை மாற்றிக்கொண்டு எடப்பாடிக்குப் பஸ் ஏறினேன். என் கணவர் வரவில்லை. ‘எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் வாரது?’ என்றார். எனக்கு மட்டும் இன்னொரு மூஞ்சியா இருக்கிறது?

எல்லாம் முடிந்து எடுத்துப் போய்விட்டு வந்திருந்தார்கள். துக்கத்துக்காக அவர்கள் ஷெட்டில் தறியை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து ஷெட்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு எல்லாரையும் பார்த்து, “நாமக்கல் ஊட்டுக்காரக்கா. இவங்க இருந்துக்கச் சொல்லித்தான் சொன்னாங்க. அந்தக் கம்பெனிக்காரங்கதான்…” என்றாள். பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

என்னால் உட்கார முடியவில்லை. கை கழுவப் போவதுபோல எழுந்து பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். அவளும் சொம்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் முகத்துக்கு நேராக ஒன்றைச் சொல்லப்போகிறேன்.

“கண்ணு, அந்தக் கம்பெனி சொன்னது…”

“தெரியுங்க்கா” என்றாள்.

சொம்பைத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

“அந்த மேனேஜர் பேசறப்ப, மேடம் பொண்ணுக்குக் கல்யாணம் வருதுங்கம்மா, புரிஞ்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு. உங்க பொண்ணு கல்யாணம் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தான?” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினாள். “அவருகிட்ட நான் சொல்லலீங்க. வண்டியில வாரப்பக்கூட, ஊட்டுக்காரக்கா நம்மளப் போவச் சொல்ல மாட்டாங்க, பாவம், அவங்க என்ன பண்ணுவாங்கன்னு சொல்லிட்டே வந்தாரு. அந்த நெனப்போடயே போயிட்டாரு. நீங்களும் இங்க யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். அவரு சொன்னது பொய்யாப் போயிரும்.”

முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டு உள்ளே அழைத்துப் போனாள். விட்டுவந்த இடத்திலேயே என்னை உட்காரவைத்தார்கள். இறந்தவரின் தம்பி வெறும் மேலோடு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“சாவப்போற மனுசனைப் பாயோட தூக்கி வெளிய போட்டாங்க. இதுக்குக் காரணமானவங்க எவங்களோ, அவங்க ஊட்டுல ஒரு நல்ல காரியம் நடக்காதுங்க. நீங்களே சொல்லுங்க, நடக்குமா?”

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

“நடக்காதுங்க” என்றேன்.