‘விளங்குதா’ என்று கேட்ட வாரம்

“எல்லாரும் பேனையை எடுங்கோ” என்றேன். நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி தன் பின்னலை முன்னால் இழுத்துப்போட்டு, விரல்களால் மெதுவாகத் துழாவத் தொடங்கினாள். பின்வரிசையில் ஒருவன் சிரிக்க, அந்தச் சிரிப்பு வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. ஊரில் நாங்கள் பேனை என்பதை இங்கே பேனா என்பார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. கடையில் அப்படிக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறேன். ஆனால் வகுப்புக்குள் நுழைந்து, கையில் வெண்கட்டி பட்டதும் நாக்கு தன் பழைய இடத்துக்குப் போய்விட்டது. இந்த ஊரில் பேனை எடு என்றால் தலையில் ஊர்வதைப் பிடி என்று பொருள். அந்தச் சிறுமி பாவம், சொன்னதைச் செய்தாள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல் இந்த நகரத்தின் மாடி அறைகளில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேறு நாட்டுக்குப் போனவர்கள் வேறு மொழிக்குள் விழுந்து எழும்புகிறார்கள். நாங்களோ அதே மொழிக்குள்தான் வந்திருக்கிறோம். அதனால் எங்களுக்குச் சிரமமில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வந்து இரண்டு வருடங்களாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த ஒரு வாரம் அதைக் கொஞ்சம் மாற்றியது.

மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டுக்கும் சாந்தோமுக்கும் இடையில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னத் தொடக்கப்பள்ளி அது. பிள்ளைகள் ‘பெரிய மிஸ்’ என்று கூப்பிடும் தலைமை ஆசிரியை எங்கள் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தவர். நாலாம் வகுப்பு ஆசிரியை தங்கையின் கல்யாணத்துக்காக வடபழனிக்குப் போகிறார், ஒரு வாரம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டனுப்பினார். ஊரில் நான் ஏழு வருடம் படிப்பித்தவள். ஆனால் உடனே சம்மதித்தது படிப்பிக்கும் ஆசையால் மட்டுமல்ல. என் மகள் தர்சினிக்கு ஒன்பது வயதாகியிருந்தது. இரண்டு பள்ளிகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் முன்பு படித்த பள்ளியின் விடுகைச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அந்தச் சான்றிதழைத் தரவேண்டிய அலுவலக அறைக்கே அங்கே கூரையில்லை. சுவிசுக்குப் போன அவளுடைய அப்பா எங்களைக் கூப்பிடும்வரை அவள் மாடி அறையிலேயே என்னிடம் படித்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பெரிய மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வாரம் அவளும் கடைசி பெஞ்சில் வந்து உட்காரட்டும், வாரம் முடிந்ததும் இரண்டு பேர் விஷயத்தையும் பார்க்கலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் சத்தம் போட்டபோது “கதைக்காதேங்கோ” என்று அதட்டினேன். உடனே வகுப்பு அமைதியானது. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி எழுந்து, கதை எப்போது மிஸ் ஆரம்பிக்கும் என்று கேட்டாள். பேசாதே என்று சொன்னதை அவர்கள் கதை சொல்லப்போகிறேன் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏமாற்ற மனமில்லாமல் ஒரு நரிக் கதையைச் சொன்னேன். கணக்குப் பாடம் அன்றைக்கு நடக்கவில்லை.

ஊரில் என் வகுப்பு இப்படி இரைச்சலாக இருந்ததில்லை. விளையாட்டு மைதானத்தின் மூலையில் பதுங்குகுழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண் மூட்டைகள் போட்டிருந்தோம். நான் விசில் ஊதினால் வரிசையாக அதற்குள் இறங்கவேண்டும். விளையாட்டுப்போலத்தான் பழக்கினோம். ஏழாம் வாய்ப்பாட்டை வகுப்பில் தொடங்கி, குழிக்குள் குந்தியிருந்து சொல்லி முடித்த நாட்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் எப்போதும் ஒரு காதை வெளியே வைத்திருந்தார்கள். இங்கே பிள்ளைகளின் இரண்டு காதும் வகுப்புக்குள்ளேயே இருந்தன. தெருவில் பஸ் போனாலும் பூக்காரர் கூவினாலும் யாரும் திரும்பவில்லை. இரைச்சல் போடுவதற்கு எவ்வளவு நிம்மதி வேண்டும் என்று அந்த வாரந்தான் எனக்குத் தோன்றியது.

வினை புதன்கிழமை வந்தது. வகுத்தல் கணக்கு. பதினேழை ஐந்தால் வகுத்தால் ஈவு என்ன, மீதி என்ன என்று கரும்பலகையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வரிசையில் ஸ்டெல்லா என்ற பெண். சாந்தோம் கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவள், எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை. நோட்டைப் பார்க்கிறாள், பலகையைப் பார்க்கிறாள், எழுதவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து, “என்ன பிள்ளை, விளங்கேல்லையோ?” என்று கேட்டேன். அவள் நோட்டைக் கையால் மூடினாள். அன்போடுதான் கேட்கிறேன் என்று காட்ட, தலையைத் தடவி, “இது உனக்கு விளங்காதோ?” என்று இன்னொரு முறையும் கேட்டேன். அவள் கண்கள் நிறைந்தன. மணி அடிக்கும்வரை அவள் நிமிரவில்லை. கணக்குக்குப் பயந்த பிள்ளை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்ததும் பெரிய மிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே ஸ்டெல்லாவின் அம்மா அந்தோணியம்மா நின்றுகொண்டிருந்தார். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். நான் உள்ளே போனதும் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“இன்னா டீச்சர், எம் பொண்ணு வெளங்கமாட்டான்னு சொன்னியாமே. அவ இன்னா தப்பு பண்ணா?”

எனக்கு எதுவும் பிடிபடவில்லை. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, விளங்கவில்லையா என்றுதான் கேட்டேன் என்றேன். அது அவருக்கு இன்னும் மோசமாகப் போய்விட்டது. முகம் சிவந்து, பெரிய மிஸ் பக்கம் திரும்பினார். தன் மூத்த பெண்ணை ஐந்தாவது படிக்கும்போது வேறொரு பள்ளியில் ஒரு வாத்தியார் எல்லார் முன்னாலும் நீ விளங்கவே மாட்டாய் என்று சொன்னாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பிறகு பள்ளிப் படியே ஏறவில்லை. இப்போது தன்னோடு கருவாடு காயவைக்கிறாள். சின்னவளுக்கும் அதே வார்த்தை விழுந்தால் தான் என்ன செய்வது என்று கேட்டார். அவர் சண்டை போட வரவில்லை. பயந்துபோய் வந்திருந்தார்.

அப்போதுதான் பெரிய மிஸ்ஸுக்குச் சங்கதி புரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, “அம்மா, இவா ஊர்ல விளங்கறதுன்னா புரியறதுன்னு அர்த்தம். கணக்கு புரியலையாடீன்னு கேட்டிருக்கா. கொழந்தை உருப்படமாட்டேன்னு சொன்னதா நெனைச்சுண்டுடுத்து” என்றார். மூன்று பேரும் தமிழ்தான் பேசினோம். ஆனாலும் நடுவில் நின்று ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நான் அந்தோணியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சொல் எங்கள் ஊரில் ஒருவரையும் நோகச் செய்யாது, ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வோம், இனிமேல் வாயில் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இந்த வேலையும் போயிற்று, மகளின் இடமும் போயிற்று என்றுதான் உள்ளுக்குள் ஓடியது.

அந்தோணியம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“அப்போ கணக்கு புரிஞ்சிகினா, உங்க ஊர்ல வெளங்குதுன்னு சொல்வீங்களா?”

ஆம் என்றேன்.

“அப்போ அதையே சொல்லு டீச்சர். வெளங்குதா, வெளங்குதான்னு தெனம் அவகிட்ட கேளு. அவளும் வெளங்குதுன்னு வாயால சொல்லட்டும். எங்க ஊட்ல அந்த வார்த்தைய யாரும் நல்லதா சொன்னதில்ல.”

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நாலாம் வகுப்பில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அதே கணக்கை மறுபடியும் போட்டேன். ஸ்டெல்லாவின் பக்கத்தில் போய் நின்றேன். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருடம் மூச்சுவிடுவதுபோல் சொன்ன சொல், இப்போது வாயில் கனத்தது. “விளங்குதா?” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அம்மா வீட்டில் எல்லாம் சொல்லியிருக்கவேண்டும். “வெளங்குது மிஸ்” என்றாள். நோட்டைப் பார்த்தேன். விடை பிழை. ஆனால் அந்தப் பிழையைத் திருத்த அவள் தானாகவே ரப்பரைத் தேடினாள். இரண்டாம் முறை ஈவு மூன்று, மீதி இரண்டு என்று எழுதி, மீதியைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டாள்.

மதிய உணவுக்குப் பிறகு தமிழ்ப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில், பிறகு கூரைக்கு நேர் மேலே. ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து கடற்கரைப் பக்கம் போயிற்று. பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஜன்னலுக்கு ஓடி, கம்பிகளுக்கு வெளியே கைகளை நீட்டி ஆட்டினார்கள். நான் என்ன செய்தேன் என்பதைச் சத்தம் குறைந்த பிறகுதான் கண்டேன். மேசைக்கும் சுவருக்கும் இடையில் குந்தியிருந்தேன். இரண்டு கைகளும் காதைப் பொத்தியிருந்தன. பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. ஊரில் ஒரு நாள் அந்தச் சத்தம் விசிலை முந்திக்கொண்டு வந்தது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். தர்சினி அங்கே இல்லை. பெஞ்சுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். நான் எழுந்து போவதற்கு முன்னால் ஸ்டெல்லா போய்விட்டாள். ஜன்னலிலிருந்து திரும்பும்போது கண்டிருக்கிறாள். சீருடைப் பாவாடை அழுக்காவதைப் பார்க்காமல் தவழ்ந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

“பயப்படாத. அது ஒண்ணும் பண்ணாது. கடல்ல காணாம போனவங்கள தேட்றதுக்கு வரும். எங்கப்பா வராதப்போ கூட வந்துச்சு.”

தர்சினி முகத்தை எடுக்காமலே கேட்டாள். “கண்டுபிடிச்சதோ?”

“அது கண்டுபிடிக்கல. அவரே மறுநா வந்துட்டாரு. ஆனா அது தேடிச்சு, நா பாத்தேன்.”

வானத்திலிருந்து வருகிற ஒன்று ஆட்களைத் தேடி வரும், காப்பாற்றத் தேடி வரும் என்பதை என் மகள் அன்றுதான் கேள்விப்பட்டாள். நானுந்தான். அவள் உடனே நம்பிவிடவில்லை. ஆனால் வெளியே வந்தாள். ஸ்டெல்லா அவளைக் கைப்பிடித்துத் தன் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போய் மூன்று பேர் இருந்த பெஞ்சில் நாலாவதாக உட்கார வைத்தாள். நான் கரும்பலகைக்குத் திரும்பிப் போய், பாடத்தில் எங்கே விட்டேன் என்று பிள்ளைகளிடமே கேட்டுத் தொடர்ந்தேன்.

மாலை மணி அடித்த பிறகு பெரிய மிஸ் வருகைப் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். நாலாம் வகுப்புப் பக்கத்தின் கடைசியில், நாற்பதுக்குக் கீழே, தர்சினியின் பெயர் பென்சிலால் எழுதியிருந்தது. பேப்பர் கிடைக்கிறபோது கிடைக்கட்டும், அதுவரை இப்படியே இருக்கட்டும், வந்ததும் மையால் எழுதிக்கொள்ளலாம் என்றார். எனக்கும் மூன்றாம் வகுப்பில் ஒரு இடம் காலியாகிறது, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“நன்றியெல்லாம் இருக்கட்டும். ஆத்துல கொழந்தையோட உங்க பாஷையே பேசிண்டிருங்கோ. இங்க மத்ததை அதுவா கத்துண்டுடும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தர்சினி ஸ்டெல்லாவின் வீட்டைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் எதையாவது வேண்டும் என்று கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. வெயில் தாழ்ந்ததும் சாந்தோம் கடற்கரைக்கு நடந்தோம். அந்தோணியம்மா குப்பத்தின் விளிம்பில் வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் எங்களுக்கு ஒரு சாக்கை விரித்துப் போட்டார். பிள்ளைகள் இருவரும் மணலில் ஓடினார்கள். நான் கடலுக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இது வழக்கம். கண் முன்னால் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் கரை. தர்சினியின் அப்பாவையும், விட்டுவந்த வீட்டையும் நினைக்கும்போதெல்லாம் இங்கே வந்து அந்தக் கோட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

என்ன பார்க்கிறேன் என்று அந்தோணியம்மா கேட்டார். எங்கள் ஊரை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று நான் பார்த்த திசையைத் தானும் ஒரு முறை பார்த்தார்.

“உங்க ஊரு அங்க இல்ல டீச்சர். அப்டியே போனா பர்மாதான் வரும்.” என் தோளைப் பிடித்து மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். “இத்தோ, இந்தக் கரையப் புட்ச்சினு தெக்கால போவணும். எங்க ஆளுங்க அந்தப் பக்கம் போய்க்கிறாங்க.”

இரண்டு வருடங்களாக ஆளில்லாத தண்ணீரைப் பார்த்து நின்றிருக்கிறேன். இப்போது கண் முன்னால் அடையாறு முகத்துவாரம், அதற்கப்பால் பெசன்ட் நகர்க் கட்டிடங்கள், அதற்கப்பால் புகைபோல் மங்கிப் போகும் கரை. ஊர் நான் நினைத்ததுபோல் எதிரே இல்லை. நான் நின்றிருந்த இதே மணலின் தொடர்ச்சியில், தெற்கே, எங்கோ இருந்தது. அங்கே பார்வை போகும் தூரம்வரை பார்த்தேன்.

எனக்குப் பின்னால், வடக்குப் பக்கத்திலிருந்து, மகள் அவசரப்படுத்திக் கூப்பிட்டாள். இரண்டு வருடங்களில் அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. “இன்னாம்மா பாத்துகினு கீற? கெதியா வாங்கோ” என்றாள்.

எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், ஒரு அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும்வரை அப்படியே நின்றேன்.