முன் இடது மோட்டாரும் என் மனைவியின் காதும்

நான் கட்டிய ட்ரோன் முழங்கால் உயரம் வரைக்கும் நல்ல பிள்ளை. அதற்கு மேலே போனால் உடம்பை உதறும், மெல்லத் தன்பாட்டில் திரும்பும், பிறகு கடலைப் பார்த்துச் சரியும். நிலாவெளிக் கடற்கரையில் நான் அதன் பின்னால் ஓடிய ஓட்டத்தைக் கரைவலை இழுக்கும் மீனவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். "ஐயா, கயிறொண்டு கட்டி விடுங்கோவன்" என்றார் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகரத்துக்குள் பறக்கவிட வழியில்லை, துறைமுகப் பக்கம் முழுக்கக் கடற்படை. முறைப்படி அனுமதி எடுத்து, மோட்டார் சைக்கிளில் இவ்வளவு தூரம் கொண்டுவந்து இந்த மானக்கேடு.

பகலில் எனக்கு மருந்தகத்தில் வேலை. மாலையானால் சாப்பாட்டு மேசை என்னுடையது. வயர், திருகாணி, சோல்டர் புகை எல்லாவற்றையும் என் மனைவி பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

அவள் எங்கள் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவள். கொஞ்சக் காலமாக இடது காது மந்தமாகிக்கொண்டு வந்தது. போன கேட்கும் சக்தி திரும்பி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதோடு குழுவிலும் சிக்கல். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கி நிறுத்தி, "எங்கேயோ சுருதி இறங்குது" என்பாள். மற்ற ஒருவரும் தங்களுக்கும் அப்படிக் கேட்டதாகச் சொன்னதில்லை. ஓர்கன் வாசிக்கும் டீச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பங்குத்தந்தையிடம் பக்குவமாகச் சொன்னார். ஃபாதர் அதைவிடப் பக்குவமாக, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கோவன்" என்றார். கிறிஸ்மஸுக்கான நத்தார்ப் பாட்டுப் பயிற்சி தொடங்கமுன், வருகிற ஞாயிற்றுக்கிழமையே குழுவை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் சொல்வதாக இவள் முடிவெடுத்தாள். "காது போன ஆளுக்கு அங்க என்ன வேலை?" என்று வெங்காயம் உரித்தபடி சொன்னாள். கண்ணீர் வெங்காயத்தால் வந்தது அல்ல. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ட்ரோனிடம் போனேன்.

அதுவும் என்னை மதிக்கவில்லை. நான்கு விசிறிகளையும் கழற்றி எடை சரிபார்த்தேன். திசைகாட்டியைச் சரிசெய்ய அதைக் குழந்தையைப் போலத் தூக்கி எல்லாப் பக்கமும் புரட்டினேன். கட்டுப்பாட்டுப் பலகையைப் பிடுங்கித் திரும்பப் பூட்டினேன். இணையத்தில் யார் யாரோ சொன்ன எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன். மோட்டார்களை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. நான்கும் புத்தம் புதியவை. விரலால் சுற்றினால் நான்கும் ஒரே மாதிரித்தான் சுற்றின.

அந்த வெள்ளிக்கிழமை மாலை விசிறிகளைக் கழற்றிவிட்டு நான்கு மோட்டார்களையும் மேசைமேல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் குசினியிலிருந்து துடைத்த கையோடு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அதில ஒண்டு சுருதி கீழ நிக்குது."

"எது?"

"நாலையும் ஒண்டா விட்டா எப்பிடித் தெரியும்? ஒவ்வொண்டா விடுங்கோ."

"மோட்டாரில ஒண்டும் இல்லை. நான் பார்த்தனான்."

"இல்லாட்டி இல்லையெண்டு தெரிஞ்சிடும்தானே" என்றாள்.

குழுவிலும் அவள் வழக்கம் அதுதான். யாரையும் விரல் நீட்டிக் குறை சொல்ல மாட்டாள். எல்லாரையும் வாயை மூடி முனகச் சொல்லிவிட்டு, வரிசைக்குள் நடந்து ஒவ்வொருவர் பக்கத்திலும் காது கொடுப்பாள். கூட்டத்தில் ஒருவர் தொய்ந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடித்து மறைத்துவிடுவார்கள், பிறகு எல்லாரும் சேர்ந்து களைத்துப்போவார்கள் என்பாள். போன மாதமும் அப்படி நடந்து பார்த்தாள். ஒருவரிடமும் பிழை இல்லை. அதற்குப் பிறகுதான் பிழை தன் காதில் என்று முடிவு கட்டியிருந்தாள்.

நான் இலேசில் விட்டுக்கொடுக்கிறவன் இல்லை. கதிரையைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து இருக்கச் சொன்னேன். மடிக்கணினியில் எல்லா மோட்டாருக்கும் ஒரே அளவு மின்சாரம் கொடுத்து, வரிசையைக் குழப்பி ஒவ்வொன்றாக ஓட்டினேன். எனக்கு நான்கும் ஒரே இரைச்சல். அவள் முன் இடது மோட்டார் வரும்போது மட்டும் கையைத் தூக்கினாள். ஏமாற்றிப் பார்ப்போம் என்று அதையே அடுத்தடுத்து ஓட்டினேன். "அதே ஆள்தான்" என்றாள், திரும்பாமலே.

மோட்டாரைக் கழற்றினேன். உள்ளே காந்தத்தில் மெல்லிய கறுப்பு மணல் அப்பியிருந்தது. முதன்முதல் பறக்கவிட்ட அன்று கடற்கரையில் குப்புற விழுந்தபோது ஏறிய மணல். வாயால் ஊதிவிட்டு எல்லாம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இரும்புச் சத்துள்ள மணலைக் காந்தம் விடுமா? ஒட்டும் டேப்பை முறுக்கி உள்ளே விட்டுத் துளித் துளியாக எடுத்தேன். திரும்பப் பூட்டி ஓட்டியதும் அவள், "இப்ப சரி" என்றாள். இந்தக் காதையா ஓய்வெடுக்கச் சொன்னார்கள் என்று எனக்கு ஆத்திரமாகவும் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். நிலாவெளியில் ட்ரோன் தென்னை உயரத்துக்கு ஏறி, விட்ட இடத்தில் நின்றது. நான் கையைத் தட்டினேன். கரைவலைக்காரர்கள் இம்முறை வேலையை விடவில்லை.

"பார்த்தீரே, உம்மட காதில ஒரு பிழையும் இல்லை. ஃபாதரிட்ட நான் கதைக்கிறன்" என்றேன்.

"நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்."

திரும்பி வரும்போது சல்லிச் சந்தி தாண்டியதும் அவள் பின்னாலிருந்து கேட்டாள், "அப்ப குழுவில இறங்கிறது ஆர்?"

"அந்த டீச்சராத்தான் இருக்கும்" என்றேன். எனக்கு அவர்மேல் கோபம். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து ஃபாதரிடம் போகாமல் நேரே குழுவிடம் போனாள். என்னை முன் வாங்கில் இருத்தி, கைத்தொலைபேசியில் பதிவு செய்யச் சொன்னாள். வழக்கம்போல முன்னால் நின்று, கையால் தாளம் காட்டி, அவர்களோடு சேர்ந்து பாடினாள். அடுத்து அதே பாட்டை அவர்களை மட்டும் பாடவிட்டாள். பிறகு தொலைபேசியை வாங்கி வலது காதில் வைத்து இரண்டையும் கேட்டாள். இரண்டாம் முறையும் கேட்டாள். அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். அது கொஞ்ச நேரம்தான்.

"இறங்கினது நான்தான். என்ர குரல்தான் கீழ போகுது. நீங்கள் பாவம், மரியாதைக்கு என்னோட சேர்ந்து இறங்கி வந்திருக்கிறீங்கள்" என்றாள்.

ஓர்கன் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். ஃபாதர் வாசலில் நின்றார். இவள் அவரைப் பார்த்து, சந்தையில் விலை சொல்கிற குரலில் சொன்னாள், "ஃபாதர், நான் பாடுறதை விடுறன். குழுவை விடமாட்டன்."

என்னிடம் அப்படி ஒரு பிழை இருந்திருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கண்டுபிடித்தாலும் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த நத்தார்ப் பூசையில் அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவர்களைக் கொண்டுபோனாள். இளம் வயதில் அதே கோயிலில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் அவளைக் கட்டினேன். பின் வாங்கில் இருந்துகொண்டு, இல்லை என்று தெரிந்தும் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டு கடைசிவரை இறங்கவே இல்லை.